ஞாயிற்றுக்கிழமை வெங்காயம்

நேற்று, மகள் குடும்பம் இருக்கிற அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து பேத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் பாதி தண்ணீர், அதற்குள் வேரோடு வெட்டி வைத்த லீக்ஸ், அந்தத் தடித்த வெங்காயத்தாள் மாதிரியான மரக்கறியின் துண்டு. நடுவிலிருந்து பச்சைக் குருத்து ஒன்று எட்டிப் பார்க்கிறது. “மோர்ஃபார், பாருங்கோ” என்று, தாத்தாவை மட்டும் டெனிஷில் கூப்பிட்டுத் தொடங்கியவள் அதோடு தமிழை முடித்துக்கொண்டு மிச்சத்தை டெனிஷில் விளக்கினாள். குசினியில் எறிகிற அடிக்கட்டைகளைத் தண்ணீரில் வைத்தால் திரும்ப முளைக்குமாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டு, ஒரு பல் இல்லாத வாயைக் காட்டிச் சிரித்தாள்.

எனக்குத் தெரியுமாவாம். இந்தக் கலைக்கு டென்மார்க்கில் ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவியை நான் வாய்விட்டே கேட்பேன். இங்கே வைலே நகரத்தில், மூன்றாம் மாடியில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் யன்னலோரத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கு அதிகம் பேர் இல்லை என்பதால் நீங்கள் என் சொல்லை நம்பித்தான் ஆகவேண்டும்.

வீடியோவில் வாசம் வராது என்பார்கள். எனக்கு வந்தது. இரண்டு நாள் மாற்றாமல் விட்ட லீக்ஸ் தண்ணீருக்கு ஒரு நாற்றம் உண்டு. ஈரச் சப்பாத்துக்கும் அழுகின வெங்காயத்துக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தால் அது அங்கேதான் இருக்கும். யன்னலுக்குக் கீழே, வீட்டைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாயின் சூடு வேறு. என்னோடு அந்த வீட்டில் இருந்த சிவராசா அண்ணை காலையில் எழும்பியவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “தம்பி, உதுகளைத் தகனம் செய்யிறதோ இல்லை அடக்கம் செய்யிறதோ?” என்று கேட்பார். அவர் கலியாணம் செய்யாத மனிதர். யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாதவர். அதனாலேயே வீட்டில் அவர் ஒருவர்தான் ஒழுங்காக நித்திரை கொண்டார்.

நான் காத்திருந்தேன். மனைவிக்கும் மகளுக்கும். மலரும் சுதாவும் கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம் ஒரு லொட்ஜின் ஒற்றை அறையில் இருந்தார்கள். ஊரில் இருக்க ஏலாது, விசா கிடைத்தவுடன் ஏறலாம் என்று அங்கே வந்து நின்றார்கள். நான் இங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அவர்களைக் கூப்பிட விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. விண்ணப்பம் போன இடத்தில் இருந்தது. எனக்கு மட்டுமில்லை, இங்கே வந்திருந்த தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான். யாரைக் கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மேலே ஒரு அமைச்சர் அசையாமல் வைக்கச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் பிறகுதான் வெளியே வந்தது. பிறகு விசாரணை, பேப்பரில் படம், தொலைக்காட்சியில் பெரிய ஆட்கள் வேர்த்து விறுவிறுத்தது, கடைசியில் ஒரு அரசாங்கமே இறங்கிப்போனது. டெனிஷ்காரருக்கு அது தமிழர் வழக்கு. வழக்கில் தமிழர் என்று பேர் இருந்த எங்களுக்கு அந்த வருஷங்களில் அப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபால்காரன் வருகிற நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனடி ரெலிபோன் பெட்டிக்குள் போவேன். லொட்ஜுக்குக் கீழே ஒரு கடை. கடைக்காரர் படியில் நின்று கூப்பிட, மலர் இறங்கி வருவாள். மூச்சு வாங்குவது முதலில் கேட்கும், பிறகு அவளுடைய கேள்வி.

“பதில் வந்ததோ?”

“இல்லை. உமக்கு?”

“இல்லை.”

பிறகு என்ன கதைப்பது? ஊர் நிலவரம் கடை ரெலிபோனில் கதைக்க முடியாது. பக்கத்தில் நாலுபேர் நிற்பார்கள். என் நிலவரம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர், வேலை, பாண். கலியாணம் கட்டி இரண்டு வருஷம்கூட ஒன்றாக இருக்கவில்லை, அதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய ஆசைக் கதைகளையும் முடித்துவிட்டோம். ஊரில் நான் மினிபஸ் கண்டக்டர். யாழ்ப்பாணம் பருத்தித்துறை ஓட்டத்தில் வாய் மூடாதவன் என்று பேர் எடுத்தவன். அந்த வாய், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துப்போகும். றிசீவரில் மூச்சு மட்டும் போய்வரும்.  ஒரு ஞாயிறு, ரெலிபோனை வைத்துவிட்டு வெளியே வந்து, அடுத்த ஞாயிறு எடுக்காமல் விடுவோமா என்றுகூட யோசித்தேன்.

அந்தக் கிழமைதான் வெங்காயம் வந்தது.

நான் ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் கோப்பை கழுவினேன். அங்கே சமையலுக்குப் பொறுப்பாக இருந்தவர் பியர்கிட் என்ற பெண். அகலமான ஆள், குரலும் அகலம். மாசி முடிந்து பங்குனி தொடங்கும் நேரம், பழைய வெங்காயச் சாக்கொன்று முளைத்துவிட்டது என்று குப்பையில் போடச் சொன்னார். போடக் கை வரவில்லை. ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, யன்னலோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் தண்ணீர் விட்டு இருத்தினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. அந்த மாதத்தில் வைலேயில் பச்சை நிறத்தில் வேறு ஒன்றையும் நான் காணவில்லை.

அந்த ஞாயிறு, பதில் வந்ததோ இல்லை முடிந்த பிறகு, வாயில் வந்ததைச் சொன்னேன். வெங்காயம் ஒன்று முளைத்திருக்கு என்றேன்.

“எதில வைச்சிருக்கிறியள்?”

“கோப்பையில. தண்ணியில.”

“அய்யோ, அது அழுகிப்போகுமெல்லே. மண்ணில வையுங்கோ. தலை வெளியில நிக்கவேணும். தாட்டுப்போடாதேங்கோ.”

மலரின் வீட்டார் புன்னாலைக்கட்டுவனில் வெங்காயம் செய்கிறவர்கள். பெண் பார்க்கப் போன நாளில் எனக்குத் தெரிந்த வெங்காயம் இடியப்பத்துச் சம்பலில் இருக்கிறது மட்டும்தான். இந்த ஞாயிறு அவள் ரெலிபோனில் விடாமல் கதைத்தாள். மண்ணைப் புளிப்பாக விடக்கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், தாள் சாய்ந்தால் தண்ணீர் கூடிப்போச்சு என்று அர்த்தம். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வெளியில் முறைக்குக் காத்து நின்ற ஆள் பெட்டியின் கண்ணாடியைத் தட்டினார். வைக்கும்போது அவள் சொன்னாள், “வாற ஞாயிறு எவ்வளவு வளந்ததெண்டு சொல்லுங்கோ.”

வாற ஞாயிறு என்று ஒன்று இருக்கிறது என்பது அப்படித்தான் திரும்ப வந்தது.

பிறகு என்ன, நான் ஒரு பயிர்ப் பைத்தியம் ஆனேன். உண்மையைச் சொன்னால், பயிரில் எனக்கு ஆசையே இல்லை. அடுத்த ஞாயிறு சொல்ல ஏதாவது வேண்டும். லீக்ஸ் அடிக்கட்டை, செலரி அடிக்கட்டை, கரட் தலை, உருளைக்கிழங்குத் தோலில் கண் உள்ள துண்டு, யாரோ பிறந்தநாளுக்கு வெட்டிய அன்னாசியின் கொண்டை, எல்லாவற்றையும் கன்ரீன் குப்பையிலிருந்து பொறுக்கினேன். யோகட் பெட்டிகளில் மண் போட்டு வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் விரல் வைத்து அளப்பேன். லீக்ஸ் நாலு விரல், செலரி ஒரு விரல், அன்னாசி இன்னும் யோசிக்கிறது. ஞாயிறு ரெலிபோனில், மினிபஸ் வாசலில் நிற்கிற பயணிகளைப் போல, வரிசையாக ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்குவேன்.

பியர்கிட் என்னைக் கவனித்திருக்கிறார். குப்பை வாளிக்குள் கைவிட்டு அடிக்கட்டை எடுக்கிற ஆளைப் பற்றி யாரும் என்ன நினைப்பார்கள்? மனிதன் பட்டினி என்று நினைத்துவிட்டார். ஒருநாள் வேலை முடியும் நேரம் வெள்ளித்தாளில் சுற்றிய இறைச்சி உருண்டைகளைக் கையில் திணித்தார். என்னிடம் அப்போது இருந்த டெனிஷ், நன்றிக்குச் சொல்கிற “டக்” என்ற ஒரு சொல். டக் சொன்னால் அடுத்த நாளும் வரும் என்று தெரியாது. கிழமைக்கணக்கில் வந்தது. அதைத் தின்று சிவராசா அண்ணைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. நாற்றத்தைப் பற்றிய கேலியையும் குறைத்துக்கொண்டார்.

கடைசியில் மொழிபெயர்க்கிற தமிழ்ப் பிள்ளை ஒருவரைப் பிடித்து விளக்கம் சொன்னேன். சமைக்க இல்லை, வளர்க்க. மனைவிக்குச் சொல்ல.  பியர்கிட், ஊருக்கு வெளியே தன் தாய்க்கு ஒரு தோட்டத்துண்டு இருக்கிறது, அதில் மூலை ஒன்று சும்மா கிடக்கிறது, மிச்ச வெங்காயத்தை அங்கே நடு என்றார். சாக்கில் மிஞ்சியிருந்ததை அவர் எறியாமல் வைத்திருந்தார்.

இனி வருகிறது ரெலிபோன் வழியாக நானும் மலரும் செய்த மகத்தான விவசாயம்.

எங்களூரில் நடுகிற வெங்காயம் சின்னது, சிவப்பு. ஒன்றை நட்டால் குஞ்சும் குருமனுமாக ஒரு கொத்து வரும். இங்கே இருந்தது பெரிய வெங்காயம். ஊரில் நாங்கள் பம்பாய் வெங்காயம் என்போமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். அதை நான் மலரிடம் மறைக்கவில்லை. கைப்பிடி அளவு, மஞ்சள் தோல் என்று விளக்கமாகச் சொன்னேன். ஊரில் அதை யாரும் நட்டதில்லை, கப்பலில் வரும், கறிக்குப் போகும். ஆனாலும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சின்னது நட்டால் சின்னக் கொத்து, பெரிது நட்டால் பெரிய கொத்துத்தானே என்றாள். கணக்குச் சரியாகத்தான் பட்டது. பாத்தி கட்டச் சொன்னாள், கட்டினேன். சாண் இடைவெளி என்றாள், கொத்துப் பெரிதாக வரும் என்று இரண்டு சாண் விட்டேன். பியர்கிட்டின் தாய் கதிரையில் இருந்தபடி எங்களூர்ப் பாத்தியைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. நல்லதாக இருக்கிறது என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு டக் சொன்னேன். இதை நடாதே மகனே என்றுதான் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நாளில்தான் மலர் ஒன்று சொன்னாள். நேர்த்திக்கடன் வைக்கிற மாதிரி, ஆனால் சாமியிடம் இல்லை, என்னிடம்.

“வெங்காயம் பிடுங்கிற நேரம் நான் அங்கை நிப்பன், பாருங்கோ.”

நான் கண்டக்டர்தானே, நம்பிக்கையை ஏற்றிவிட எனக்குப் பழக்கம். ஓம் நிப்பீர் என்றேன்.

ஆடி மாதம் தாள்களுக்கு நடுவில் தடித்த தண்டுகள் எழும்பின. இடுப்பளவுக்கு வந்தன. உச்சியில் ஒவ்வொரு உருண்டை. ஒருநாள் போனபோது எல்லாம் வெடித்து, மூலை முழுக்க வெள்ளைப் பூப்பந்துகள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கோப்பிக் கோப்பையோடு வேலியடிக்கு வந்து நின்று பார்த்தார்கள். வெங்காயத்தைப் பூவுக்காக நடுகிற ஆளை அவர்கள் அதற்கு முதல் கண்டதில்லை. பியர்கிட் வடிவு என்றார். நான் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் நட்ட வெங்காயம் உள்ளே கரைந்து, நார் மட்டும் மிஞ்சியிருந்தது. கொத்தும் இல்லை, குஞ்சும் இல்லை. இன்னொன்றைப் பிடுங்கினேன். அதுவும் அப்படித்தான். ஆட்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று குனிந்து புல் பிடுங்குகிறவன் போல நின்றேன்.

அந்த ஞாயிறு மலர் கேட்டாள். சொன்னேன். பூத்துவிட்டது, கீழே ஒன்றும் இல்லை என்றேன். 

“அப்ப பிடுங்கிறதுக்கு ஒண்டும் இல்லையோ?”

“இல்லை மலர்.”

“நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன். இஞ்சை இருந்து என்ன செய்யிறது? ஊரில செத்தாலும் எங்கடை ஆக்களோட.”

ஊரில் அப்போது சண்டை. வீதியில் எந்த ஆமி நிற்கிறது என்று காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் கேட்டுத்தான் வெளியே போகவேண்டும். அவள் போனால் போனதுதான். விசா வந்தாலும் ஆளைப் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. போகாதேயும் என்று கத்தியிருக்கலாம். எந்த உரிமையில் கத்துவது? என்னிடம் கொடுக்க ஒரு திகதி இல்லை, ஒரு கடதாசி இல்லை. கையில் இருந்தது அந்தப் பூ ஒன்றுதான்.

“விதை வருமாம்,” என்றேன். “பியர்கிட் சொன்னவ. பூ காய்ஞ்சால் உள்ளுக்குக் கறுப்பு விதை இருக்குமாம்.”

“வெங்காயத்துக்கு விதையோ?”

வெங்காயத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் வெங்காய விதையைக் கண்டதில்லை. அவர்களுக்கு வெங்காயத்திலிருந்துதான் வெங்காயம். அவளுடைய குரலில் ஒரு சின்னக் கொக்கி விழுந்தது எனக்குக் கேட்டது. என்ன பருமன் என்று கேட்டாள். தெரியாது என்றேன். எப்போது காயும்? இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று மனத்தில் வந்ததைச் சொன்னேன்.  பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, அது என்னெண்டுதான் பாப்பம்,” என்றாள்.

அவள் போகவில்லை. புரட்டாதியில் பூப்பந்துகள் பழுத்து, உலுக்க உள்ளே கலகலத்தது. கருஞ்சீரகம் மாதிரி இருக்கிறது என்று ரெலிபோனில் சொன்னேன். ஒரு நெருப்புப்பெட்டி நிறையச் சேர்த்தேன். பனிக்காலம் போனது. அந்தப் பக்கம் பெரிய இடங்களில் என்ன நடந்ததோ, அடுத்த வருஷம் தொடங்க விண்ணப்பங்கள் அசைகின்றன என்று ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருவருடைய மனைவி வந்தார், இன்னொருவருடைய பிள்ளைகள் வந்தார்கள். ஒருநாள் தபால்காரன் என் வாசலிலும் நின்றான்.

இதற்குள் சுதாவைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். நான் ஊரை விட்டு வரும்போது அவள் தவழ்கிற பிள்ளை. தாய் றிசீவரைக் கையில் கொடுத்தால் அவள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: கரட் வந்துவிட்டதோ? கரட் தலையை நட்டால் இலைதான் வரும், கரட் வராது என்பது எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது? வருகுது, வருகுது என்று இழுத்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை யாரோ போலப் பார்த்தாள். தூக்கப் போனேன், திமிறினாள். நான் கதைக்கத் தொடங்கியதும் திமிறுவதை நிறுத்தி, என் வாயையே பார்த்தாள். பிறகு கேட்டாள், “கரட் எங்கை?”

முகத்தை அவளுக்குத் தெரியாது. குரல் தெரிந்திருந்தது. எனக்கு அது போதும்.

கரட்டும் இருந்தது. முதல் நாளே கடையில் இலையோடு ஒன்று வாங்கி, பெட்டியில் மண்ணுக்குள் கழுத்தளவு புதைத்து வைத்திருந்தேன். சுதா இரண்டு கையாலும் பிடுங்கி, மண்ணோடு தலைக்கு மேலே தூக்கினாள். மலர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் விளங்கியிருந்தது. சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவராசா அண்ணை குசினிக்குள் போய் நின்று மூக்குச் சிந்தினார். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல பின்னேரம் ஒன்று வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் நான் வேலையால் வர யன்னலோரம் துப்பரவாக இருந்தது. கண்ணாடி பளிச்சென்று. பெட்டிகள், கோப்பைகள், அன்னாசிக் கொண்டை, ஒன்றும் இல்லை. நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். மலர் கையைத் துடைத்தபடி வந்தாள்.

“இனி என்னத்துக்கு உந்தக் குப்பை? அதுதான் நான் வந்திட்டனே.”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் குப்பையெல்லாம் அவளுக்காகத்தான் வளர்ந்தது. ஆள் வந்த பிறகு அதற்கு என்ன வேலை? நான் சிரித்துக்கொண்டு சாப்பிட இருந்தேன். ஆனால் அன்றைக்கு உள்ளே ஏதோ இறங்கிப்போனது. எந்த பஸ் தரிப்பில் இறங்கியது என்று தெரியாமல், கண்டக்டர் பழக்கத்தில் ‘றைற்’ சொல்லி வண்டியைப் போக விட்டுவிட்டேன்.

பிறகு வாழ்க்கை நன்றாகத்தான் போனது. குறை சொன்னால் நாக்கு அழுகும். அவள் டெனிஷ் படித்து முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தாள். அவளுக்கு இரவு வேலை, எனக்குப் பகல். வாசலில் சப்பாத்துப் போடுகிற இடத்தில் சந்தித்துக்கொள்வோம். கறி அடுப்பில், பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்குப் பெற்றோர் கூட்டம். வருஷங்கள் அப்படி ஓடின. விதை சேர்த்த நெருப்புப்பெட்டியை அவளிடம் கொடுத்தேன். திறந்து பார்த்து, விரலால் அளைந்து, பத்திரமாக எங்கேயோ வைத்தாள். வீடு மாறியபோது அது எங்கே போனதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. சிவராசா அண்ணை இஷொய் என்ற ஊரில் இருந்த தன் தம்பியிடம் போய், அங்கேயே கண்ணை மூடினார். பியர்கிட்டின் தாயுடைய தோட்டத்துண்டு இருந்த இடத்தில் இன்றைக்கு லொறிகள் நிற்கின்றன. ஸ்டேஷனடி ரெலிபோன் பெட்டியைக் கழற்றிக் கனகாலம்.

வைலேயில் இப்போது நான் கிழமை நாட்களில் தனி. மகள் வீட்டில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர ஆள் தேவை என்று மலர் அல்பர்ட்ஸ்லுண்டில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை ரயிலில் வருவாள், ஞாயிறு பின்னேரம் போய்விடுவாள். ஒரு ஆள் சமைக்க வாங்குகிற வெங்காயம் முடிவதில்லை. இன்று மத்தியானம் பையைத் திறக்க, அடியில் ஒன்று முளைத்துக் கிடந்தது. வீடியோவில் கண்டதும் அதுவுமாக எனக்கு என்னவோ செய்தது. அந்த நேரம் பார்த்து மலர் ரெலிபோன் எடுத்தாள். இந்தக் காலத்தில் கதைக்க ஒன்றும் செலவில்லை, கண்ணாடியைத் தட்ட ஆளும் இல்லை.

“மருந்து போட்டீங்களோ?”

“ஓம்.”

“சாப்பிட்டீங்களோ?”

“ஓம். மலர், வெங்காயம் ஒண்டு முளைச்சிருக்கு.”

“எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ. கடையில கிடக்குத்தானே. நான் வைக்கிறன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடப்போகுது.”

வைத்துவிட்டாள். ரெலிபோனை மேசையில் போட்டுவிட்டு வெங்காயத்தை யன்னலோரம் கொண்டுபோனேன். பழைய தேத்தண்ணிக் கோப்பை ஒன்றில் மண் போட்டு, தலை வெளியில் நிற்க இருத்தினேன். பூக்கும், கீழே ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். பிறகு பழக்கத்தில் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன்.

மூன்று விரல். கேட்கத்தான் ஆள் இல்லை.